வேண்டாம் என்று சொன்னது யார்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கஸ்தூர்பாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது மயக்க மருந்து கொடுக்கவில்லை. கொடுத்தால் தாங்கமாட்டார் என்னும் அளவுக்கு உடம்பு இளைத்துக் கிடந்தது. வலியை அவர் அப்படியே பொறுத்துக்கொண்டார். சத்தியாகிரகம் சூடுபிடித்திருந்த காலம் அது. மனைவி தேறிவிட்டதாக நினைத்து, மருத்துவரின் ஒப்புதலோடு காந்தி ஜோகன்னஸ்பர்க் போனார். சில நாளில் மருத்துவரிடமிருந்து தொலைபேசி வந்தது. நோயாளி மிகவும் தளர்ந்துவிட்டார், மாட்டிறைச்சிச் சாறு கொடுத்தாக வேண்டும், அனுமதி வேண்டும் என்றார் அவர். தன்னால் அனுமதி தர முடியாது, பேசும் நிலையில் இருந்தால் அவரையே கேட்கலாம், அவர் விருப்பப்படி செய்யலாம் என்றார் காந்தி. மருத்துவருக்குக் கோபம் வந்துவிட்டது. நோயாளியின் விருப்பத்தையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது, நீங்களே வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

காந்தி ரயிலேறி டர்பன் வந்து சேர்ந்தார். தொலைபேசியில் அனுமதி கேட்டபோதே சாறு புகட்டியாகிவிட்டது என்று மருத்துவர் அமைதியாக ஒப்புக்கொண்டார். உயிரைக் காப்பாற்றுவதற்காக நோயாளியையோ உறவினரையோ ஏமாற்றுவது மருத்துவர்களுக்குக் கடமைதான் என்பது அவருடைய வாதம். நல்ல மனிதர், நண்பரும்கூட. காந்தி கஸ்தூர்பாவிடம் போய் விஷயத்தைச் சொன்னார். அவர் சற்றும் தயங்கவில்லை. அந்தச் சாற்றைக் குடிப்பதைவிட உங்கள் கையிலேயே செத்துப்போகிறேன் என்று சொல்லிவிட்டார். தூறல் மழையில் அவரை ரிக்‌ஷாவிலும் ரயிலிலும் கொண்டுபோய், கடைசியில் தூளியில் சுமந்து ஃபீனிக்ஸ் பண்ணைக்குச் சேர்த்தார்கள். அங்கே நீர்ச் சிகிச்சையில் பிழைத்துக்கொண்டார்.

‘சத்திய சோதனை’யில் இதைப் படிப்பவர்கள் பொதுவாகச் சைவ உணவுப் பிடிவாதம் என்று படித்துவிட்டுப் போய்விடுவார்கள். சிகிச்சை மறுப்பின் வரலாறாகப் படித்தால் எல்லாம் இதிலேயே இருக்கிறது. நல்லெண்ணத்தோடு ஏமாற்றும் மருத்துவர், அனுமதி கேட்கப்படும் கணவன், கடைசியாகக் கேட்கப்படும் நோயாளி. கேட்டவுடன் அவரிடம் தெளிவான பதில் இருந்தது.

ஏறத்தாழ 35 ஆண்டுகள் கழித்து, 1944 பிப்ரவரியில், புணேயின் ஆகா கான் மாளிகைச் சிறையில் அதே கஸ்தூர்பா மரணப் படுக்கையில் கிடந்தார். இளைய மகன் தேவதாஸ் (ராஜாஜியின் மருமகன்) அப்போது அபூர்வ மருந்தாக இருந்த பெனிசிலினைக் கல்கத்தாவிலிருந்து விமானத்தில் வரவழைத்தார். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசி போட வேண்டும் என்று தெரிந்ததும் காந்தி மறுத்தார். சாகும் நேரத்தில் அவளை ஏன் ஊசியால் குத்திக் கொடுமைப்படுத்த வேண்டும், கடவுளிடம் விட்டுவிடு என்பது அவர் பேச்சின் சாரம். மகன் வாதாடிப் பார்த்துவிட்டு விட்டுக்கொடுத்தார். பிப்ரவரி 22 மாலை, காந்தியின் மடியில், கஸ்தூர்பாவின் உயிர் பிரிந்தது. டர்பனில் அவர் கேட்ட சாவுதான். ஆனால் இம்முறை வாதம் நடந்தது கணவருக்கும் மகனுக்கும் இடையே.

காந்தி செய்தது சரியா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டையை இங்கே தீர்க்கத் தேவையில்லை. இந்தியாவில் உயிர் நீட்டிக்கும் சிகிச்சையை மறுப்பது ஒருபோதும் புதிய காரியமாக இருந்ததில்லை. யார் மறுக்கிறார்கள் என்பதுதான் காலந்தோறும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

மறுக்கும் உரிமை துறவிக்கும் தலைவருக்கும் தாராளமாகக் கிடைத்தது. 1949 பிப்ரவரியில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் இடது முழங்கை அருகே இருந்த சிறு கட்டியை அறுத்து எடுத்தார்கள். அது மறுபடி வளர்ந்தது. சார்கோமா என்னும் புற்றுநோய் என்று தெரிந்தது. ரேடியம் வைத்துப் பார்த்தார்கள். டிசம்பருக்குள் மொத்தம் நான்கு அறுவைச் சிகிச்சைகள். கையையே எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் சொன்னபோது ரமணர் வேண்டாம் என்றார். உடம்பே ஒரு நோய், அது தன் போக்கில் முடியட்டும் என்பது அவர் நிலை. அதே சமயம், அன்பர்களின் மனநிறைவுக்காகச் சித்த வைத்தியம், ஹோமியோபதி, ஆங்கில மருத்துவம் என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டார். எங்கே நிறுத்த வேண்டும் என்ற கோட்டை மட்டும் அவரே போட்டார். 1950 ஏப்ரல் 14 இரவு அவர் மறைந்தார்.

வினோபா பாவே 1982 நவம்பரில் மாரடைப்புக்கு ஆளானபோது அவருக்கு 87 வயது. சில நாள் மருத்துவம் ஏற்றார். பிறகு பௌனார் ஆசிரமத்தில் உணவு, நீர், மருந்து மூன்றையும் நிறுத்தினார். நவம்பர் 15, தீபாவளியன்று இறந்தார். தற்கொலை முயற்சிக்கு ஓராண்டு வரை சிறை என்று சொன்ன இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு அப்போது நடைமுறையில் இருந்தது. அது வினோபாமேல் பாயவில்லை. பாய்ந்திருந்தால் நாடே கொந்தளித்திருக்கும். வயலில் பூச்சிமருந்து குடித்துப் பிழைத்த விவசாயிமீது அதே பிரிவில் வழக்குப் பதிவு செய்ய எந்தக் காவல் நிலையமும் தயங்கியதில்லை என்பதையும் இதனோடு சேர்த்தே நினைக்க வேண்டும்.

உண்ணாமல் உயிர்விடும் சமணர்களின் சல்லேகனை இதற்கெல்லாம் மூத்தது. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்னும் ஆசிரியருக்குப் பொறித்த பழைய கல்வெட்டு இன்றும் இருக்கிறது. 2015 ஆகஸ்ட் 10 அன்று ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இந்த நோன்பைத் தற்கொலைக்குச் சமமாக வைத்துத் தீர்ப்பளித்தது. சமணர்கள் பெருந்திரளாகத் தெருவுக்கு வந்தார்கள்; அதே மாதம் 31ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. சல்லேகனையும், சங்ககால மன்னன் கோப்பெருஞ்சோழன் உண்ணாமல் வடக்கிருந்ததும் விரதம், மானம் சம்பந்தப்பட்டவை. மூக்கில் குழாயோடு படுத்திருக்கும் ஒருவர் ‘போதும், எடுத்துவிடுங்கள்’ என்பது வேறு வகை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து மேடைப்பேச்சாளர்கள் நிறைய குழப்பியிருக்கிறார்கள்.

அந்தக் குழாய் எப்படி வந்தது?

1952 ஆகஸ்ட். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாகப் பரவியது. பிளெக்டம் மருத்துவமனையில் மூச்சுத் தசைகள் செயலிழந்த நிலையில் முதல் மூன்று வாரத்தில் வந்த 31 பேரில் 27 பேர் செத்துப்போனார்கள். இரும்பு நுரையீரல் என்னும் பெரிய கருவி ஒன்றே ஒன்றுதான் கைவசம் இருந்தது. பியர்ன் இப்சென் என்னும் மயக்க மருந்து நிபுணர், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளை போட்டுக் குழாயைச் செருகி, ரப்பர் பையைக் கையால் அழுத்தி நேராக நுரையீரலுக்குக் காற்றை ஏற்றினார். சிறுமி பிழைத்தாள். உடனே மருத்துவ மாணவர்களைக் கூப்பிட்டு, முறைபோட்டு, இரவும் பகலும் படுக்கை ஓரத்தில் உட்காரவைத்துப் பையை அழுத்தச் சொன்னார்கள். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் அப்படிக் கைவலிக்க அழுத்தியிருக்கிறார்கள். சாவு விகிதம் சடசடவென்று இறங்கியது. அடுத்த ஆண்டு இப்சென் அதே ஊரில் இதற்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். இன்றைய ஐசியூக்களின் மூதாதை அதுதான். மாணவர்களின் கைக்குப் பதிலாக இயந்திரம் வந்தது. அதைத்தான் இப்போது வென்டிலேட்டர் என்கிறோம்.

இது எத்தனை பெரிய வெற்றி என்பதை மறந்துவிட்டு இந்த வரலாற்றை எழுதக் கூடாது. அந்தப் பையும் குழாயும் இல்லாமல் போயிருந்தால் இன்று நம்மிடையே நடமாடும் எத்தனையோ பேர் இருக்கமாட்டார்கள். சிக்கல் வேறு இடத்தில் முளைத்தது. இளம்பிள்ளை வாதம் தாக்கியவருக்கு மூச்சு திரும்பும் வரைக்கும் என்று செய்த கருவி, மூச்சு திரும்பவே போகாதவருக்கும் பொருத்தப்பட்டது. மாட்டுவதற்கு ஒரு நொடி போதும். கழற்றுவதற்கு யாருக்கு அதிகாரம் என்று எவருக்கும் தெரியவில்லை.

இந்தக் கேள்வியை முதலில் ஒரு போப்பாண்டவரிடம் கொண்டுபோனவர்கள் மயக்க மருந்து நிபுணர்களே. 1957 நவம்பரில் பன்னிரண்டாம் பயஸ் அவர்களுக்குச் சொன்ன பதில், கத்தோலிக்க மருத்துவமனைகளைத் தாண்டியும் பேசப்பட்டது: சாதாரண சிகிச்சை கடமை, அசாதாரணமான முயற்சிகளை ஏற்றே தீர வேண்டும் என்று நோயாளிக்குக் கட்டாயமில்லை. அமெரிக்காவில் சிகாகோ வழக்கறிஞர் லூயிஸ் கட்னர், சொத்துக்கு உயில் எழுதுவதுபோல் தன் கடைசிச் சிகிச்சைக்கும் ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்னும் யோசனையை 1969இல் ஒரு சட்ட இதழில் விரிவாக எழுதினார். லிவிங் வில் என்னும் பெயர் அவர் வைத்தது. 1975இல் நியூ ஜெர்சியில் 21 வயது கரென் ஆன் குவின்லன் நினைவிழந்து விழுந்தார். வென்டிலேட்டரை எடுக்கும்படி பெற்றோர் கேட்டார்கள், மருத்துவமனை மறுத்தது, 1976 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் பெற்றோர் பக்கம் நின்றது. கருவியை எடுத்த பிறகு எல்லோரும் எதிர்பார்த்தபடி அவர் இறக்கவில்லை. தானாக மூச்சுவிட்டுக்கொண்டு, குழாய் உணவில், 1985 வரை உயிரோடு இருந்தார். அதே 1976இல் கலிபோர்னியா மாநிலம் லிவிங் வில்லுக்குச் சட்டம் இயற்றியது.

இந்தியாவுக்கு ஐசியூ பரவலாக வந்தது மெதுவாகத்தான். 1983இல் சென்னை கிரீம்ஸ் சாலையில் அப்போலோ திறக்கப்பட்டதிலிருந்து தனியார் பெருமருத்துவமனைகளின் காலம் தொடங்குகிறது. பிறகு மாவட்டத் தலைநகரங்களிலும் வென்டிலேட்டர் வந்தது. கூடவே நாள்கணக்கில் எகிறும் பில்லும் வந்தது.

சட்டம் வாயைத் திறப்பதற்கு வெகுகாலம் முன்பே, நம் ஊரில் சிகிச்சையை நிறுத்தும் வழி ஒன்று உருவாகிவிட்டது. அதற்கு மருத்துவமனைக் கோப்பில் ‘மருத்துவர் ஆலோசனையை மீறி வெளியேறினார்’ என்று பெயர். டாக்டர்களும் நர்சுகளும் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘லாமா’ என்பார்கள். குடும்பத்தார் சொல்வது, “கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டு வந்துட்டோம்.” மீறுவது என்று எழுதினாலும் பாதி நேரம் அந்த யோசனையைக் காதோடு சொல்பவரே மருத்துவர்தான்: “இனிமே ஒண்ணும் இல்லீங்க. வீட்டுக்குக் கொண்டு போயிருங்க.” ஆம்புலன்ஸில் ஓர் ஆள் பையை அழுத்திக்கொண்டே வருவார். அந்தக் கைப்பையும் டென்மார்க்கில் பிறந்ததுதான். 1956இல் ஹென்னிங் ரூபனும் ஹோல்கர் ஹெஸ்ஸேயும் உருவாக்கிய ஆம்பு பை. வீட்டு வாசலில் வண்டி நிற்கும். கூடத்தில் பாய் விரித்திருக்கும். உறவுகள் வரிசையாக வந்து வாயில் பால் ஊற்றுவார்கள். குழாயை எடுத்துவிடுவார்கள்.

வீட்டில்தான் உயிர் போக வேண்டும் என்னும் பழைய நம்பிக்கைக்கு இது பொருந்திவந்தது. கடன் ஏறாமலும் காத்தது. ஆனால் இதில் நோயாளியின் பங்கு என்ன? பெரும்பாலும் ஒன்றுமில்லை. முடிவெடுத்தது மூத்த மகன், அல்லது பணம் கட்டுபவர், அல்லது வங்கிக் கணக்கு. வலிக்கு மருந்தோ, கூட வர ஒரு நர்ஸோ இல்லாமல் பல பேர் அந்தப் பாயில் மணிக்கணக்கில் திணறியிருக்கிறார்கள். இதை அமைதியான சாவு என்று மெச்சிக்கொள்வதற்கில்லை. மறுபக்கம், பணம் இருக்கும் வீட்டில் நேர்மாறான கொடுமை நடந்தது. எடுங்கள் என்று சொல்லும் பழியை ஏற்க எந்தப் பிள்ளையும் தயாராக இல்லாததால் வாரக்கணக்கில் கருவி ஓடியது. அமெரிக்காவிலிருந்து மகன் வரும்வரை அப்பாவை ‘வைத்திருப்பது’ சென்னையில் சர்வசாதாரணம்.

இரண்டு வீட்டிலும் ஒரு வாக்கியம் மட்டும் பொது. “அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்.”

நோயாளியைத் தாண்டி உறவினர் முடிவெடுப்பது சட்டத்தின் பார்வையில் தப்பு என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் சொல்லிவிட்டது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த 44 வயதுப் பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும், வெளியே காத்திருந்த தாயின் ஒப்புதலை மட்டும் வாங்கிக்கொண்டு அகற்றிவிட்டார்கள். நினைவு திரும்பக்கூடிய வயதுவந்த ஒருவருக்காக, அவசரம் இல்லாதபோது, பெற்ற தாய்கூட ஒப்புதல் தர முடியாது என்றது நீதிமன்றம். அவருக்குக் கிடைத்த இழப்பீடு 25,000 ரூபாய். தீர்ப்பின் மதிப்பு அதைவிடப் பல மடங்கு. ஆயினும் நம் மருத்துவமனைகளில் ஒப்புதல் படிவத்தை இன்றும் நீட்டுவது வராந்தாவில் நிற்கும் உறவினரிடம்தான்.

உயிர் விஷயத்தில் நீதிமன்றங்கள் முதலில் தடுமாறின. 1994இல் பி. ரத்தினம் வழக்கில் இரண்டு நீதிபதிகள் 309ஆம் பிரிவே செல்லாது என்றார்கள். 1996இல் கியான் கௌர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அதைப் புரட்டினார்கள்: வாழும் உரிமைக்குள் சாகும் உரிமை அடங்காது. ஆனால் போகிறபோக்கில் ஒரு கதவை லேசாகத் திறந்தும் வைத்தார்கள். கண்ணியமாக வாழும் உரிமை இயற்கையான முடிவு வரைக்கும் நீளும், இறந்துகொண்டிருப்பவரின் கண்ணியமும் அதற்குள் வரலாம் என்றார்கள். அடுத்த இருபத்திரண்டு ஆண்டுகள் எல்லா வழக்கறிஞர்களும் அந்த இடுக்கு வழியாகத்தான் உள்ளே நுழையப் பார்த்தார்கள்.

அருணா ஷான்பாக் வழக்கை இங்கே அவசரமாகக் கடக்க முடியாது. கர்நாடகத்தின் ஹல்திப்பூரிலிருந்து மும்பை கேஇஎம் மருத்துவமனைக்கு வந்த நர்ஸ். 1973 நவம்பர் 27 அன்று வார்டு பாய் ஒருவன் நாய்ச் சங்கிலியால் அவர் கழுத்தை இறுக்கி வன்கொடுமை செய்தான். மூளைக்கு ரத்தம் நின்றுபோனது. அவனுக்கு ஏழாண்டுச் சிறை, வெளியே வந்துவிட்டான். அருணா அதே மருத்துவமனையின் படுக்கையில் 42 ஆண்டுகள் கிடந்தார். அவருடைய கதையைப் புத்தகமாக எழுதிய பத்திரிகையாளர் பிங்கி விரானி, அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்த அனுமதி கேட்டு உச்ச நீதிமன்றம் போனார். கேஇஎம் நர்சுகள் கொதித்தெழுந்தார்கள். ஒரு தலைமுறை ஓய்வுபெற்று அடுத்த தலைமுறை வந்த பிறகும், படுக்கைப்புண் வராமல் அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள். பிடித்த உணவைக் கொடுத்தால் முகத்தில் மலர்ச்சி தெரிகிறது என்றார்கள்.

2011 மார்ச் 7 அன்று மார்க்கண்டேய கட்ஜுவும் ஞான் சுதா மிஸ்ராவும் விரானியின் மனுவைத் தள்ளினார்கள். அருணாவுக்காகப் பேசும் தகுதி எழுத்தாளருக்கு இல்லை, பார்த்துக்கொள்ளும் மருத்துவமனை ஊழியர்களுக்கே உண்டு என்றார்கள். நர்சுகள் இனிப்பு வழங்கினார்கள். அதே தீர்ப்பிலேதான், உயர் நீதிமன்றத்தின் அனுமதியோடு உயிர்காக்கும் கருவியை விலக்கலாம் என்று இந்தியாவில் முதன்முறையாகச் சொல்லப்பட்டது. அருணா 2015 மே 18 அன்று நிமோனியாவில் இறந்தார்.

நர்சுகளின் அன்பைச் சந்தேகிக்க யாருக்கும் உரிமையில்லை. விரானியின் அக்கறையும் உண்மை. ஆனால் இரு தரப்பும் அருணா என்ன விரும்பியிருப்பார் என்று ஊகிக்கத்தான் முடிந்தது. குவின்லன் வழக்கிலும் இதேதான். இந்த உரிமையைப் பெற்றுத்தந்த பெரிய வழக்குகள் எல்லாமே, பேச முடியாதவர்களுக்காகப் பிறர் நடத்தியவை. அப்படியானால் பேச முடிகிற காலத்திலேயே எழுதிவைத்தால் என்ன?

அரசாங்கம் இந்த யோசனையை விரும்பவில்லை. 2006இல் சட்ட ஆணையம் தன் 196ஆவது அறிக்கையில், சுயநினைவோடு இருக்கும் நோயாளி சிகிச்சையை மறுத்தால் மருத்துவர் கட்டுப்பட வேண்டும் என்று நல்லபடியாகச் சொன்னது; ஆனால் முன்கூட்டி எழுதிய பத்திரம் செல்லாது என்றும் சேர்த்துக்கொண்டது. 2016இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வரைவு மசோதாவும் அதையே சொன்னது. சொத்துக்காகக் கிழவரைக் கையெழுத்துப் போடவைத்துவிடுவார்கள் என்னும் பயம். அது வீண் பயம் என்று தமிழ்நாட்டுக்காரர்கள் சொல்லிவிட முடியாது. விருதுநகர் வட்டாரத்தில் முதியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிக்கவைத்து, இளநீர் கொடுத்துச் சாகவிடும் ‘தலைக்கூத்தல்’ 2010இல் நாடெங்கும் செய்தியானது. அதைப் பற்றி பிரியா கிருஷ்ணசாமி எடுத்த ‘பாரம்’ தேசிய விருது வாங்கியது. ஆனால் தலைக்கூத்தலில் நடப்பது கிழவரின் வாயை அடைப்பது. அதற்கு மருந்து அவர் பேச்சுக்குச் சட்ட மதிப்புக் கொடுப்பதா, அதைச் செல்லாது என்பதா? ஆணையம் தவறான பக்கத்தில் நின்றது என்றே சொல்ல வேண்டும்.

2005இல் ‘காமன் காஸ்’ என்னும் அமைப்பு உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கு இதற்கு விடை தேடியது. எச். டி. ஷோரி 1980இல் தொடங்கிய அமைப்பு அது. வழக்கு பதின்மூன்று ஆண்டு நடந்தது. 2014இல், தமிழ்நாட்டுக்காரரான தலைமை நீதிபதி சதாசிவத்தின் அமர்வு அதை அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பியது. 2018 மார்ச் 9 அன்று தீபக் மிஸ்ரா தலைமையில் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். கண்ணியமாக இறப்பது வாழும் உரிமையின் பகுதி, வயதுவந்த, தெளிந்த மனமுள்ள எவரும் உயிர்காக்கும் சிகிச்சையையும் மறுக்கலாம், முன்கூட்டி எழுதிவைக்கலாம்.

தீர்ப்பு 538 பக்கம். கவிதையும் தத்துவமும் நிறைய. நடைமுறைப் பகுதிக்கு வந்தால் தலை சுற்றும். பத்திரத்தில் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் மேலொப்பமிட வேண்டும். ஒரு நகல் அவர் அலுவலகத்தில், ஒன்று மாவட்ட நீதிமன்றத்தில், ஒன்று உள்ளாட்சி அலுவலரிடம். நிறைவேற்றும் நேரம் வந்தால் மருத்துவமனையில் இருபதாண்டு அனுபவமுள்ள நிபுணர்கள் கொண்ட குழு கூட வேண்டும். பிறகு கலெக்டர் இன்னொரு குழுவை அமைக்க வேண்டும். அதன் பிறகு நடுவரே நேரில் வந்து நோயாளியைப் பார்க்க வேண்டும். பட்டா மாற்றத்துக்கே கலெக்டர் அலுவலகத்தில் நடையாய் நடப்பவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். உரிமை கையில் கொடுக்கப்பட்டது, பெட்டிக்குள் வைத்துப் பூட்டி.

பூட்டைத் திறக்கச் சொல்லி 2019இல் மனுப் போட்டவர்கள் ஐசியூ மருத்துவர்களே: இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம். 2023 ஜனவரி 24 அன்று கே. எம். ஜோசப் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் விதிகளைத் திருத்தினார்கள். நடுவரின் மேலொப்பம் போய், நோட்டரியோ கெஸட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும் என்றானது. நிபுணருக்கு ஐந்தாண்டு அனுபவம் போதும். கலெக்டர் வேண்டியதில்லை; இரண்டாம் குழுவையும் மருத்துவமனையே அமைக்கும், அதில் மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் ஒருவர் இருப்பார். இரு குழுக்களும் முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். நடுவருக்குத் தகவல் மட்டும் தந்தால் போதும்.

தீர்ப்பு வந்துவிட்டால் அலுவலகம் அசைந்துவிடும் என்று நினைப்பது தப்பு. நகலை வாங்கிவைக்கும் உள்ளாட்சி அலுவலர் யார் என்பதே பல இடங்களில் முடிவாகாமல் இருந்தது. மும்பையில் டாக்டர் நிகில் தாதர் இதற்காகவே உயர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. கோவாவில் 2024 மே மாதம், உயர் நீதிமன்ற நீதிபதி எம். எஸ். சோனக் தன்னுடைய பத்திரத்தையே பதிவு செய்து தொடங்கிவைத்தார். கர்நாடக அரசு 2025 ஜனவரியில் மருத்துவமனைகளுக்கு உத்தரவு பிறப்பித்தது. இதற்கிடையே 309ஆம் பிரிவும் மறைந்தது; 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பழைய வடிவில் அது இல்லை.

வென்டிலேட்டர் வேண்டாம் என்பவருக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று பொருளில்லை. இதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் புற்றுநோயாளிக்கு மார்ஃபின் கிடைப்பதே பல்லாண்டு குதிரைக்கொம்பாக இருந்தது. 2014இல்தான் சட்டம் தளர்ந்தது. அண்டை மாநிலமான கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலிநிவாரண இயக்கம், பஞ்சாயத்து வரை போய், 2008இல் மாநிலக் கொள்கையாகவே ஆனது. வீடு தேடி வரும் நர்ஸ், வலிக்கு மருந்து, பேச ஓர் ஆள். இவை இருக்கும் ஊரில் ‘கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டு வருவது’ கைவிடுவதாக ஆகாது. தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் இது அந்த அளவுக்கு வேரூன்ற வேண்டும். லிவிங் வில்லைவிட இது அவசரம் என்றுகூடச் சொல்லலாம்.

எழுத விரும்புபவருக்குத் தேவையானவை கொஞ்சம்தான். பதினெட்டு வயது, தெளிந்த மனம், எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்னும் தெளிவான வாசகம், தனக்காகப் பேசப்போகிறவர்களின் பெயர்கள், இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி. மீளவே முடியாத நோய் என்று இரு மருத்துவக் குழுக்களும் சொல்லி, எழுதியவரால் பேச முடியாமலும் போனால்தான் அது செயலுக்கு வரும். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் மாற்றலாம், ரத்து செய்யலாம். ஆனால் நோட்டரியிடம் போவதற்கு முன்னால், யார் பெயரை எழுதப்போகிறீர்களோ அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசிவிடுங்கள். நாளை ஐசியூ வாசலில் டாக்டர் அவரைத்தான் கேட்பார்.